ஜெர்மனியோட 352-வது காலாட்படை டிவிஷன்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மனிக்கு நூத்துக்கணக்குல டிவிஷன் இருந்துச்சு, இந்த 352-ஐ மட்டும் ஏன் இவ்ளோ பேசுறாங்க?

ஒரே ஒரு நாளுக்காகத்தான். 1944 ஜூன் 6, டி-டே. நார்மண்டில நேச நாட்டுப் படைங்க இறங்குன அஞ்சு பீச்ல ரத்தக்களறியா போனது ஓமஹா. அந்தப் பகுதி அப்போ இந்த டிவிஷன் பொறுப்புல இருந்துச்சு. அந்த நாள் மட்டும் இல்லன்னா, உருவாகி ஒன்பது மாசத்துல அழிஞ்சு போன இந்த டிவிஷன் பேரு ராணுவ வரலாறு படிக்கிற நாலு பேருக்கு மேல யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஓமஹால அமெரிக்கர்கள் அவ்ளோ அடிவாங்குனதால எதிர்ல இருந்தவங்க பயங்கரமான எலைட் படையாத்தான் இருக்கணும்னு ஒரு நெனப்பு பரவிருச்சு, இங்க வர்ற பாதி கேள்வி அந்த நெனப்புல இருந்து வர்றதுதான்.

டிவிஷன்னா எத்தனை பேர்?

போர் ஆரம்பத்துல, 1939-ல, ஒரு ஜெர்மன் காலாட்படை டிவிஷன்னா சுமார் 17,000 பேர், மூணு ரெஜிமென்ட், ஒவ்வொண்ணுலயும் மூணு பட்டாலியன், கூட ஆயிரக்கணக்குல குதிரை. ஆமா, குதிரைதான். டேங்கும் லாரியுமா ஓடுற ஜெர்மன் ராணுவத்த நியூஸ்ரீல்ல பாத்துப் பழகிட்டோம், ஆனா காலாட்படையோட பீரங்கியையும் சாப்பாட்டையும் கடைசி வரைக்கும் இழுத்தது பெரும்பாலும் குதிரைங்கதான். 1944 வர்றதுக்குள்ள ஆள் பஞ்சம் வந்துருச்சு, ரெஜிமென்ட்டுக்கு ரெண்டு பட்டாலியன்னு குறைச்சுட்டு, அந்த ஓட்டைய அடைக்க தனியா ஒரு ஃபியூசிலியர் பட்டாலியன் கொடுத்தாங்க. 352-ம் இந்தப் புது அச்சுதான்: 914, 915, 916-னு மூணு கிரெனடியர் (அதாவது காலாட்படை) ரெஜிமென்ட், ஒரு பீரங்கி ரெஜிமென்ட், பொறியாளர் பட்டாலியன், டேங்க் எதிர்ப்புப் பிரிவு, எல்லாம் சேத்து 12,000 பேருக்கு மேல.

எப்ப, எங்க உருவாச்சு?

1943 நவம்பர்ல, பிரான்ஸ்ல சான்-லோ பக்கத்துல. ரஷ்யால நொறுங்கிப்போன 321, 268-ங்கற ரெண்டு டிவிஷன்ல மிஞ்சுன ஆபீசர்களையும் வீரர்களையும் கொண்டுவந்து நடுவுல வெச்சு, சுத்தி புதுசா ஆள் சேத்தாங்க. கமாண்டர் ஜெனரல் டீட்ரிஷ் க்ரைஸ், 1889-ல ஸ்டுட்கார்ட்ல பொறந்தவரு, ரஷ்யப் போர்முனைல ஏற்கனவே டிவிஷன் நடத்துனவரு. மொதல்ல பிளான் என்னன்னா இந்த டிவிஷன தயார் பண்ணி ரஷ்யாவுக்கு அனுப்புறது. அதுக்குள்ள மேற்குல படையெடுப்பு வரும்ங்கற பயம் முத்திப்போயி, 1944 மார்ச்ல கடற்கரைக்குத் தள்ளிவிட்டாங்க.

அப்ப ரஷ்யால சண்டை போட்ட அனுபவசாலிங்க படைதானே, எலைட்னு சொன்னா என்ன தப்பு?

இந்த லாஜிக்தான் எல்லாரையும் ஏமாத்துது. அனுபவசாலிங்க இருந்தாங்க, ஆனா கொஞ்சம் பேர்தான். மிச்சம் பூரா 17, 18 வயசுப் பசங்க, நிறைய பேர் ஹனோவர் சுத்துவட்டாரத்துல இருந்து வந்தவங்க, போர்க்கால ரேஷன் சாப்பாட்டுல வளர்ந்து சத்தே இல்லாம வந்து சேந்தாங்க. இந்த டிவிஷனோட தலைமை ஸ்டாஃப் ஆபீசர் ஃபிரிட்ஸ் சீகல்மான் போர் முடிஞ்சப்புறம் எழுதிக்கொடுத்த அறிக்கைல இது வருது, பசங்க உடம்பு ஒத்துழைக்கல, நார்மண்டி மாட்டுப்பண்ணை ஊருங்கறதால அங்கயே பால் வாங்கிக் கொடுக்க ஏற்பாடு பண்ணோம்னு. பால் கொடுத்து தேத்த வேண்டிய நெலமைல இருந்த பசங்கள எலைட்னு சொல்றது எனக்குப் புரியல.

ட்ரெயினிங் கதை இன்னும் மோசம். அதே ஆளு சொல்றதுபடி 1944 மார்ச் வரைக்கும் ஒரு சிப்பாய் நிஜ கையெறி குண்டு எறிஞ்சது ரெண்டே ரெண்டு தடவை, நிஜ தோட்டா போட்டு சுட்டுப் பழகுனது மூணே தடவை. காரணம் சோம்பேறித்தனம் இல்ல. ஆயுதம் மெதுவாத்தான் வந்து சேந்துச்சு, தோட்டா இல்ல, பெட்ரோல் இல்ல. கடற்கரைக்கு வந்தப்புறம் முக்கால்வாசி நேரம் தடுப்பு கட்டுற வேலைலயே போயிருச்சு, அந்தக் கடற்கரைப் பாதுகாப்ப கவனிச்ச ஃபீல்டு மார்ஷல் ரோமெல் பீச்ல மரக்கட்டை நடு, கண்ணிவெடி கட்டுன்னு விரட்டிக்கிட்டே இருந்தாரு, செரிசி காட்டுல மரம் வெட்டி குதிரை வண்டில பல கிலோமீட்டர் இழுத்துட்டு வந்து நட்டாங்க. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் மண்வெட்டி வேலை, மூணு மணி நேரம் ட்ரெயினிங், கணக்கு இப்படித்தான் ஓடிட்டிருந்துச்சு.

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். பக்கத்துல ஏற்கனவே இருந்த 716-வது டிவிஷன் வயசானவங்களும் இடம் விட்டு இடம் போக வண்டி இல்லாதவங்களும் நிறைஞ்ச, ஒரே இடத்துல உக்காந்து காவல் காக்குற டிவிஷன். அதோட ஒப்பிட்டா 352 ஒரு படி மேல, எதிர்த்தாக்குதல் பண்ணக்கூடிய முழு டிவிஷன். "நல்ல டிவிஷன்"ங்கற பேரு வந்தது இந்த ஒப்பீட்டுலதான், அது போகப்போக ஊதிப் பெருசாகி எலைட் ஆயிருச்சு, வார் கேம் ஆடுறவங்க ஸ்டாட்ஸ்ல அஞ்சு ஸ்டார் குத்துற அளவுக்கு.

எல்லாருமே ஜெர்மன்காரங்கதானா?

இல்ல. டிவிஷன் பட்டியல்லயே சுமார் 1,500 "ஹிவி" இருந்தாங்க, அதாவது ஜெர்மன் ராணுவத்துக்கு உதவி வேலை பார்த்த சோவியத் ஆளுங்க. வண்டி ஓட்ட, குதிரை பாக்க, சமைக்க, மூட்டை தூக்க. வாலண்டியர்னு பேரு, ஆனா ஜெர்மன்காரங்க கையில சிக்குன சோவியத் கைதிங்கள்ல 30 லட்சம் பேருக்கும் மேல பசிலயும் குளிர்லயும் சுடப்பட்டும் செத்தாங்கன்னு தெரிஞ்சா, கேம்ப்ல பட்டினியா சாகறதா இல்ல இந்த யூனிஃபார்ம போடறதாங்கறது எவ்ளோ "விருப்பம்"னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

நேச நாட்டு உளவுத்துறைக்கு இந்த டிவிஷன் கடற்கரைல இருக்கறது தெரியவே தெரியாதா?

டிவிஷன் இருக்கறது தெரியும், எங்க இருக்குங்கறதுல கோட்டை விட்டாங்க. சான்-லோ பக்கத்துல, கடல்ல இருந்து முப்பது கிலோமீட்டருக்கும் மேல உள்ள, ரிசர்வா இருக்குன்னு நெனச்சாங்க. மார்ச்லயே முன்னாடி வந்துருச்சுங்கறது பிடிபடல. ஜூன் ஆரம்பத்துல பிரிட்டிஷ் தலைமையக உளவுப் பிரிவுக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு, ஆனா அதுக்குள்ள வீரர்கள கப்பல் ஏத்தியாச்சு, இறங்கப்போற பசங்களுக்கு யாரும் சொல்லல. 716-ஐச் சேர்ந்த ஒரு பட்டாலியன்தான் எதிர்ல இருக்கும்னு நெனச்சு இறங்குனாங்க.

பிரெஞ்சு ரெசிஸ்டன்ஸ் (ஜெர்மன்காரங்கள எதிர்த்த ரகசிய இயக்கம்) தகவல் அனுப்புன புறாவ ஜெர்மன்காரங்க சுட்டுட்டாங்க, அதனாலதான் தெரியாம போச்சுன்னு ஒரு கதை ரொம்ப சுத்துது. புறாவ சுட்டது நடந்திருக்கலாம், ஆனா மூணு மாசமா ஒரு முழு டிவிஷன் நகர்ந்தது தெரியாம போனதுக்கு ஒரு புறா மேல பழி போடுறது டூ மச்.

ஓமஹால 352-ஓட 12,000 பேரும் இருந்தாங்களா?

ஐயோ இல்ல. க்ரைஸ் பாத்துக்க வேண்டிய கடற்கரை சுமார் 53 கிலோமீட்டர். மேற்குல வீர் நதி கழிமுகத்துல இருந்து கிழக்குல பின்னாடி பிரிட்டிஷ்காரங்க கோல்ட் பீச்னு பேரு வெச்ச பகுதி வரைக்கும். 914 ரெஜிமென்ட் மேற்குல, 916 ஓமஹா பகுதில, 915-ம் ஃபியூசிலியர் பட்டாலியனும் பயூ ஊர் பக்கத்துல மேலிடத்துக்கான ரிசர்வ். அது போக 716-ல இருந்து 726-வது ரெஜிமென்ட்டையும் க்ரைஸ் கட்டுப்பாட்டுல கொடுத்திருந்தாங்க, பீச்ச ஒட்டின பங்கர்ல உக்காந்திருந்தவங்கள்ல பாதி இந்த 726 ஆளுங்கதான். ஆகமொத்தம் ஓமஹால மொத மணி நேரத்துல நிஜமா சுட்டது சில கம்பெனிங்களும் உள்ள தள்ளி இருந்த பீரங்கிங்களும் மட்டும்தான்.

கொஞ்சம் பேர்தான் இருந்தாங்கன்னா அமெரிக்கர்களுக்கு ஏன் அவ்ளோ சேதம்?

மொத காரணம் நிலம். ஓமஹா சுமார் 8 கிலோமீட்டர் நீளம், பிறை மாதிரி உள்வாங்கின கடற்கரை, பின்னாடி முப்பது மீட்டருக்கு மேல மேடு, மேல போக வண்டி ஏறுற மாதிரி அஞ்சே அஞ்சு பள்ளத்தாக்கு வழி. ஜெர்மன்காரங்க அந்த அஞ்சு வாசல்லயும் காவல் நிலைங்கள கட்டி, கடலப் பாத்து சுடாம பீச்சோட நீளவாக்குல பக்கவாட்டுல சுடற மாதிரி பீரங்கிய வெச்சுட்டாங்க. கடல் பக்கம் கெட்டியான கான்கிரீட் சுவரு, அதனால கப்பல்ல இருந்து பீரங்கியோட வாயே தெரியாது. அப்படி ஒரு எடத்துல அரைகுறை ட்ரெயினிங் பையன் கையில ஒரு மெஷின்கன் கொடுத்தாலும் போதும்.

அடுத்தது, அமெரிக்கர்கள் நம்புன எதுவும் அன்னிக்கு வேலை செய்யல. மேகமூட்டத்துல சொந்தப் படகு மேல குண்டு விழுந்துரும்னு பயந்து பாம்பர் விமானங்க சில நொடி தாமதிச்சுப் போட்டுச்சு, குண்டு மொத்தமும் பீச்ச தாண்டி உள்ள வயல்ல போயி விழுந்துச்சு, செத்தது மாடுங்கதான். மிதக்குற டேங்க்னு ஒண்ணு வெச்சிருந்தாங்க, 741-வது டேங்க் பட்டாலியன் கொந்தளிப்பான கடல்ல 29 டேங்க்க இறக்குச்சு, 27 மூழ்கிருச்சு. கப்பல் பீரங்கி அடிச்ச நேரமும் கம்மி. அதனால காலை ஆறரைக்கு மொத அலை இறங்குறப்போ பங்கர்ல இருந்தவங்க கிட்டத்தட்ட முழுசா இருந்தாங்க. நீரோட்டம் படகுங்கள தப்பான எடத்துல வேற கொண்டுபோய் விட்டுச்சு.

352-ஓட ரிசர்வ் அன்னிக்கு எங்க போச்சு?

என்னைக் கேட்டா இந்த டிவிஷன் கதைல முக்கியமான கேள்வியே இதுதான், எலைட்டா இல்லையாங்கறத விட. ரிசர்வ்னு சொன்ன 915 ரெஜிமென்ட்டும் ஃபியூசிலியர் பட்டாலியனும் லெப்டினன்ட் கர்னல் மேயர் தலைமைல இருந்துச்சு. ராத்திரி பாராசூட் படை இறங்குது இறங்குதுன்னு தகவல் மேல தகவல். நிஜ பாராசூட் வீரர்கள் மேற்குல இறங்குனாங்க, கூடவே ஏமாத்துறதுக்காக பிரிட்டிஷ்காரங்க துணி பொம்மைகளையும் பாராசூட்ல போட்டாங்க. விடியக்காலைல 3:10-க்கு மேயர் குரூப் மேற்கே வீர் கழிமுகம், காரன்டான் பக்கமா கிளம்புன்னு ஆர்டர். சைக்கிள்ளயும் பறிமுதல் பண்ண பிரெஞ்சு லாரிலயும் கிளம்பிப் போனாங்க. ஆறு மணி வாக்குல நில்லுன்னு ஆர்டர். அப்புறம் கடல்ல கப்பல் மயமா தெரியவும், ஒரு பட்டாலியன் மட்டும் ஓமஹாவுக்கு, கோல்வில் ஊர் பக்கம் போகட்டும், மிச்சம் வந்த வழியே திரும்பி கிழக்கே கோல்ட் பீச்சுக்கு போகட்டும்னு சொன்னாங்க, அங்க பிரிட்டிஷ் 50-வது டிவிஷன் ஓட்டைய பெருசாக்கிட்டு உள்ள வந்துட்டிருந்துச்சு.

பட்டப்பகல்ல ரோட்டுல போற எதையும் விமானங்க விடல. மேயர் குரூப் சாயங்காலம் பிரிட்டிஷ்காரங்க மேல மோதுச்சு, மேயர் செத்தாரு, குரூப் சிதறிப்போச்சு. ஆக, அந்தப் பகுதில இருந்த பெரிய ஒரே ரிசர்வ், அன்னிக்குப் பூரா ரோட்டுலயே அலைஞ்சு கடைசில துண்டு துண்டா செலவாச்சு. காலைல ஏழு எட்டு மணிக்கு ஓமஹா மேட்டுல அந்த ரெஜிமென்ட் மொத்தமா நின்னிருந்தா கதை எப்படிப் போயிருக்கும்னு விவாதிச்சுட்டே இருக்கலாம். அமெரிக்க ஜெனரல் பிராட்லி ஓமஹாவ விட்டுட்டு மிச்சப் படைய வேற பீச்சுக்குத் திருப்பலாமான்னு யோசிச்சது உண்மை.

அன்னிக்கு மதியம் ஒன்றரை மணி வாக்குல க்ரைஸ் மேலிடத்துக்குக் கொடுத்த ரிப்போர்ட் என்ன தெரியுமா? இறங்குனவங்கள கடல்லயே தள்ளியாச்சு, கோல்வில் பக்கம் மட்டும் கொஞ்சம் பாக்கி இருக்குன்னு. அந்த நேரத்துல அமெரிக்கர்கள் சின்னச்சின்ன குழுவா பள்ளத்தாக்க விட்டுட்டு நடுவுல மேட்டுலயே ஏறி பின்பக்கமா வந்துட்டிருந்தாங்க. பங்கர்ல டெலிபோன் லைன் அறுந்தா ஜெனரலுக்கு தெரியறது அவ்ளோதான்.

ஒரே ஆளு மெஷின்கன்ல ஆயிரம் அமெரிக்கர்களைச் சுட்டாருன்னு சொல்றாங்களே?

ஹைன் செவர்லோ. 352 பீரங்கி ரெஜிமென்ட் ஆளு, 62-ம் நம்பர் காவல் நிலைல லெப்டினன்ட் ஃப்ரெர்கிங்கூட பீரங்கி குறி பாக்குற வேலை, கூடவே எம்ஜி-42 மெஷின்கன் வெச்சு மணிக்கணக்கா சுட்டாரு. பல வருஷம் கழிச்சு அவரே ஆயிரத்துக்கு மேல இருக்கும்னு சொன்னாரு. சுட்டது உண்மை, அந்த எண்ணிக்கைய வரலாற்றாளர்கள் யாரும் அப்படியே ஏத்துக்கல. ஓமஹா முழுசுக்கும் அமெரிக்க இழப்பு, செத்தவங்க காயம்பட்டவங்க காணாம போனவங்க எல்லாம் சேத்தே, ரொம்ப நாளா சொல்லிட்டு வர்ற கணக்கு சுமார் 2,400, பின்னாடி வந்த ஆய்வுங்க இன்னும் கூடவே சொல்லுது. பீரங்கி, மோர்ட்டார், மத்த எத்தனையோ மெஷின்கன் எல்லாம் சும்மாவா இருந்துச்சு? செவர்லோ போருக்கப்புறம் விவசாயம் பாத்தாரு, 2006-ல இறந்தாரு. ஃப்ரெர்கிங் அன்னிக்கே செத்துட்டாரு.

ஓமஹாவுக்கு மேற்கால இருக்கற பாறை முனை பாயின்ட் டு ஹாக்லயும் இவங்கதானா?

பாறை உச்சில பீரங்கி வெச்சிருந்தது கடலோரப் பீரங்கிப் படை, 352 இல்ல. ஆனா ஜேம்ஸ் ரடர் தலைமைல 225 ரேஞ்சர்ஸ் (அமெரிக்க கமாண்டோ வீரர்கள்) கயிறு போட்டு ஏறுனதுக்கப்புறம் ரெண்டு நாளா ராத்திரி பகலா அவங்க மேல எதிர்த்தாக்குதல் பண்ணது 352-ஓட 914 ரெஜிமென்ட். ஜூன் 8-ல உதவி வந்து சேர்றப்போ சண்டை போடற நெலமைல சுமார் 90 ரேஞ்சர்ஸ்தான் இருந்தாங்க.

அன்னிக்கு 352-க்கு எவ்ளோ இழப்பு?

டிவிஷன் கணக்குப்படி சுமார் 1,200: 200 பேர் சாவு, 500 காயம், 500 காணல. எதிர்ல சாயங்காலத்துக்குள்ள 34,000 அமெரிக்கர்கள் ஓமஹால இறங்கிட்டாங்க. இங்க ஒரு பட்டாலியன் போனா போனதுதான், மாத்து ஆளு இல்ல, அங்க மறுநாள் காலைல புதுசா ஒரு டிவிஷன் வருது. பீரங்கிக் குண்டு வேற மதியத்துக்குள்ள தீர ஆரம்பிச்சுருச்சு.

டி-டேக்கு அப்புறம் என்னாச்சு?

மெதுவா கரைஞ்சு போச்சு, அதான் நேர்மையான பதில். ஜூன் 9-ல இசினி ஊர் போச்சு. அதுக்கு முன்னாடி ஒரு லாட்டரி அடிச்சுது, வீர் கழிமுகத்துல ஒதுங்குன அமெரிக்கப் படகு ஒண்ணுல படையெடுப்புத் திட்டம் எழுதின ஆவணங்க 352 கையில சிக்குச்சு, யார் எந்தத் தேதில எங்க போகணும்னு எல்லாம். மேலிடத்துக்கு அனுப்புனாங்க. என்ன பிரயோஜனம், அத வெச்சுத் தடுக்க கையில ஆள் வேணுமே.

அப்புறம் சான்-லோ சுத்தி வேலிச் சண்டை. நார்மண்டில வயலுக்கு வயல் ஆளுயர மண் வரப்பும் அதுமேல அடர்த்தியா மரம் செடி வேலியும் இருக்கும், ஒவ்வொரு வயலும் ஒரு கோட்டை. அங்க பலவீனமான படை கூட பல வாரம் தாக்குப்பிடிக்கும். இந்த நேரத்துல 352-ங்கறது பேரளவுலதான் டிவிஷன், வேற வேற படைல இருந்து வந்த துண்டுங்க எல்லாத்தையும் க்ரைஸ் தலைமைல ஒட்டவெச்சிருந்தாங்க. ஜூலை 11 வாக்குல இழப்பு 7,900-ஐ நெருங்கிருச்சு. ஜூலை 18-ல சான்-லோ விழுந்துச்சு. ஜூலை 25-ல அமெரிக்கர்களோட கோப்ரா தாக்குதல் ஆரம்பிச்சு போர்முனையே உடைஞ்சுது, ஆகஸ்ட் 2-ல க்ரைஸ் படுகாயம்பட்டு 6-ம் தேதி இறந்தாரு. அவரோட மேலதிகாரி எரிஷ் மார்க்ஸ் ஜூன் 12-லயே விமானத் தாக்குதல்ல செத்திருந்தாரு.

இவங்க சாதாரண சிப்பாய்ங்கதானே, நாஜி குற்றத்துல சம்பந்தம் இல்லல்ல?

நார்மண்டில கைதிகளைக் கொன்னதுன்னு பெருசா பேசப்படறது 12-வது எஸ்எஸ் (நாஜிக் கட்சியோட சொந்தப் படை) டிவிஷன் கனடா வீரர்கள்கிட்ட பண்ணது, அது வேற படை. ஆனா "காலாட்படை சுத்தம், எஸ்எஸ் மட்டும் அழுக்கு"ன்னு கோடு போட்டு பிரிக்கிற கதையை நான் நம்பல. இந்த டிவிஷனோட நடுத்தூணா இருந்தவங்க கிழக்குப் போர்முனைல இருந்து வந்தவங்க, அங்க ஜெர்மன் ராணுவம் கைதிகளையும் கிராமத்து சனத்தையும் நடத்துன விதம் ஊரறிஞ்சது. தனித்தனியா ஒவ்வொரு பையன் மேலயும் குற்றம் சொல்ல முடியாது, 17 வயசுல இழுத்துட்டு வந்தவன் எத்தனையோ பேர். ஆனா அந்தப் பங்கர் எந்த ஆட்சியக் காப்பாத்த நின்னுச்சுங்கறத மறந்துட்டு வீரக்கதை மட்டும் பேசுனா அது வரலாறு இல்ல.

இவ்ளோ விவரம் எப்படித் தெரியுது? நம்பலாமா?

பெரும்பகுதி மேல சொன்ன சீகல்மான் மூலமா. போருக்கப்புறம் அமெரிக்க ராணுவம் பிடிபட்ட ஜெர்மன் ஆபீசர்கள வெச்சு அறிக்கை எழுத வெச்சுது, அவர் நிறைய எழுதுனாரு, ஜூன் 6-ம் தேதி டெலிபோன் பதிவையும் நேரம் வாரியா கொடுத்திருக்காரு, அது தங்கம். ஆனா படிக்கிறப்போ ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, அந்தத் திட்டத்துல எழுதுன ஆபீசர்களுக்கு எல்லாம் ஒரே ராகம்: நாங்க சரியா பண்ணோம், மேல இருந்தவங்க கெடுத்துட்டாங்க, ஆளும் குண்டும் தரல. பால் கதை, ட்ரெயினிங் கதைல கூட அந்த வாசனை லேசா அடிக்கும். அதனால அமெரிக்க, பிரிட்டிஷ் பதிவோட வெச்சு ஒத்துப்பாக்காம எதையும் முடிவு பண்ணாதீங்க.

1944 டிசம்பர்ல ஆர்டென்ஸ் சண்டைலயும் (பெல்ஜியம், லக்சம்பர்க் பக்கம் ஜெர்மனி நடத்துன பெரிய எதிர்த்தாக்குதல்) 352 இருந்துச்சுன்னு படிச்சேன், அழிஞ்சுதுன்னு சொன்னீங்களே?

அது 352-வது ஃபோக்ஸ்கிரெனடியர் டிவிஷன். நம்பர் மட்டும் அதே, ஆளுங்க வேற. 1944 செப்டம்பர்ல வடக்கே ஃப்ளென்ஸ்பர்க் பக்கம் உருவாக்குனாங்க, கப்பல் இல்லாம நின்ன கடற்படை ஆளு, விமானம் இல்லாம நின்ன விமானப்படை ஆளு எல்லாருக்கும் துப்பாக்கி கொடுத்து. கமாண்டர் எரிஷ் ஷ்மிட். டிசம்பர் 16-ல லக்சம்பர்க் எல்லைல ஊர் (Our) அப்படிங்கற நதியத் தாண்டி எட்டெல்ப்ருக், டீகிர்ஷ் பக்கம் முன்னேறுச்சு, ஒரு வாரத்துக்குள்ள தெற்கே இருந்து வந்த அமெரிக்க 80-வது டிவிஷன்கிட்ட செமத்தியா வாங்குச்சு.

இதுல ஒரு ஆச்சரியம், ஆத்தங்கரைல இவங்கள எதிர்த்து நின்ன அமெரிக்க 109-வது ரெஜிமென்ட்டோட கமாண்டர் யாருன்னா, பாயின்ட் டு ஹாக்ல கயிறு போட்டு ஏறுன அதே ஜேம்ஸ் ரடர். அந்தப் பொறுப்புக்கு வந்து பத்து நாள் கூட ஆகல.

இப்ப போய் பாக்க முடியுமா?

தாராளமா. 62-ம் நம்பர் காவல் நிலையோட கான்கிரீட் அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்துக்கு கிழக்கால சரிவுல இன்னும் நிக்குது, நடந்தே போயிடலாம். ஜெர்மன் கல்லறை லா காம்ப்ங்கற ஊர்ல, 21,000-க்கும் மேல ஜெர்மன்காரங்க அங்க இருக்காங்க, எல்லாரும் இந்த டிவிஷன் இல்ல. போறதுன்னா கடல் வத்தற நேரம் பாத்து போங்க. மொத அலை இறங்குனது கடல் வத்தியிருந்தப்போதான், தண்ணி ஏறி இருக்கறப்போ பாத்தா அவங்க தாண்டுன அந்த முன்னூறு மீட்டர் மணல் உங்க கண்ணுக்கே தெரியாது.